பாதியில் நின்ற கதையை முடிப்பது எப்படி? ஒன்பதாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

என் கதை ஒன்று ஒன்பதாம் பக்கத்தில் பதினோரு மாதம் நின்றது. 2018 ஆவணியில் ஆரம்பித்தேன். எட்டுப் பக்கம் விறுவிறுவென்று ஓடியது. அப்புறம் ஒரு வரி நகரவில்லை. அந்தப் பதினோரு மாதத்தில் நான் சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது. தலைப்பை ஆறு முறை மாற்றினேன். புது நோட்டு வாங்கினேன். லேப்டாப்பில் எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன். முதல் பத்தியை எத்தனை முறை திருத்தினேன் என்பதற்குக் கணக்கே இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன்.

கதை, கும்பகோணத்தில் நானும் நண்பன் ஒருவனும் கூட்டாக நடத்திய ஜெராக்ஸ் கடையைப் பற்றியது. 2014இல் திறந்தோம், 2017இல் கடனோடு மூடினோம். அன்றோடு எங்கள் பேச்சுவார்த்தையும் நின்றுபோனது. பட்டதை எழுதினால் கதை தானாக வந்துவிடும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

அந்தக் கதையை ஒருவழியாக முடித்ததில் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். சிறுகதை எழுதுபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நாவலுக்கும் பெரும்பகுதி பொருந்தும். கவிதை எனக்கு வராது, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

படி 1: எதனால் நின்றது என்று பிரித்துப் பாருங்கள்

‘எழுத வரமாட்டேங்குது’ என்பது டாக்டரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்வதைப் போல. எங்கே வலி என்று சொன்னால்தானே மருந்து கொடுக்க முடியும்? நான் பார்த்தவரை கதை நிற்பதற்குக் காரணம் களைப்பு, தெரியாமை, பொய் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

களைப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். எழுத மட்டுமில்லை, படிக்கவும் பிடிக்காது. இரண்டு மூன்று நாள் எழுத்துப் பக்கமே போகாமல் நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும். சரியாகவில்லை, வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது கதையின் கோளாறு கிடையாது. டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். கதை எங்கேயும் ஓடிவிடாது.

தெரியாமைக்கு அடையாளம், திடீரென்று மழை பெய்வது. ஒரு பாத்திரம் ரிஜிஸ்டர் ஆபீசுக்குள் நுழைகிறது. உள்ளே என்ன நடக்கும், யாரிடம் முதலில் பேச வேண்டும் என்று நமக்குத் தெரியாது. உடனே ஜன்னலுக்கு வெளியே தூறல் போட வைத்துவிடுவோம், வேப்பமரத்தை ஆட வைப்போம். என் பழைய கதைகளில் இப்படி அநியாயத்துக்கு மழை பெய்திருக்கிறது.

பொய்யின் அடையாளம் வேறு. நின்ற இடத்துக்கு நாம் போகவே மாட்டோம். ஃபைலைத் திறந்ததும் முதல் பக்கத்துக்குப் போய் கமா, முற்றுப்புள்ளியைச் சரிசெய்துவிட்டு, ‘இன்றைக்கு வேலை செய்தேன்’ என்று மூடிவைப்போம். நான் பதினோரு மாதம் செய்தது இதைத்தான்.

படி 2: எதையும் அழிக்காதீர்கள்

எரிச்சலில் மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கத் தோன்றும். வேண்டாம். ஃபைல் பெயரில் தேதி போட்டு ஒரு பிரதி எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

தாமஸ் கார்லைல் என்ற வரலாற்றாசிரியர் ஃபிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எழுதிய நூலின் முதல் பாகத்துக்கு 1835இல் நடந்தது உலகம் அறிந்த கதை. படித்துப் பார்க்கச் சொல்லி நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் கொடுத்திருந்த கையெழுத்துப் பிரதியை, வேலைக்காரப் பெண் வேண்டாத காகிதம் என்று நினைத்து அடுப்பு மூட்டப் பயன்படுத்திவிட்டார். வேறு பிரதி கிடையாது. மனிதர் மறுபடி உட்கார்ந்து எழுதி, 1837இல் நூலை வெளியிட்டார். அவரால் முடிந்தது. என்னால் முடியாது, அதனால் நான் பிரதி எடுத்துக்கொள்கிறேன்.

படி 3: நின்ற வாக்கியத்தைத் தேடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். கதை ஒன்பதாம் பக்கத்தில் நின்றால் கோளாறும் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கிறோம். அநேகமாக அது இரண்டு மூன்று பக்கம் முன்னாலேயே நடந்திருக்கும். பஸ் டயரில் ஆணி ஏறுவது ஓரிடம், காற்று இறங்கி வண்டி நிற்பது வேறிடம்.

எழுதிய வரைக்கும் பிரிண்ட் எடுங்கள். தாளின் ஒரு புறம் மட்டும் அச்சடித்து, ஓரத்தில் நிறைய இடம் விடுங்கள். திரையில் பார்த்தால் கை உடனே திருத்தப் போகும். அதனால் காகிதம்தான். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, சத்தமாக வாசியுங்கள். கையில் பென்சில் இருக்கட்டும். திருத்தக் கூடாது, குறி மட்டும் போட வேண்டும். குரல் எங்கே வேகமெடுக்கிறதோ அங்கே ஒரு கோடு. எங்கே முணுமுணுப்பாகிறதோ அங்கே ஒன்று. தேவையில்லாமல் தொண்டையைச் செருமினால் அதற்கும் ஒன்று. கண்ணை ஏமாற்றிவிடலாம். தொண்டையை ஏமாற்றுவது கஷ்டம்.

எனக்குக் கோடு விழுந்தது ஏழாம் பக்கத்தில்:

‘மெஷின் ஏன் திடீரென்று நின்றது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. ரவிதான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.’

கதையில் ரவி என்பது கூட்டாளி. பார்க்க ஒன்றுமில்லாத இரண்டு வரி. ஆனால் சத்தமாக வாசித்தபோது மூன்று முறையும் அந்த இடத்தை விழுங்கிவிட்டுப் போனேன்.

இப்படி ஒரு வாக்கியம் கிடைத்தால் அதைத் தனித்தாளில் எழுதி, கீழே ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: இதை யார் படித்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்? யார் பெயரும் தோன்றாவிட்டால் அது தெரியாமை, படி 4க்குப் போங்கள். ஒரு முகம் சட்டென்று வந்து நின்றால் படி 5. எனக்கு இரண்டும் தேவைப்பட்டது.

படி 4: தெரியாததைப் போய்க் கேளுங்கள்

கும்பகோணம் என்றதும் உ.வே.சாமிநாதையரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் கடை அவர் வேலை பார்த்த கல்லூரிக்குப் போகிற வழியில் இருந்தது. 1880இல் அவர் அங்கே தமிழாசிரியரானார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பாடம் கேட்டவர். படித்த நூல்களின் பட்டியலைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் அசந்துபோவார். அந்த ஊருக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக வந்த சேலம் இராமசாமி முதலியார் மட்டும் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. முதலியாரிடமிருந்து பிரதி வாங்கிப் படிக்க ஆரம்பித்தால், சமண சமயச் செய்திகள் வரும் இடமெல்லாம் புரியவில்லை. கல்லூரி ஆசிரியர், சைவ மடத்தில் படித்தவர், ஊரில் இருந்த சமணர்களின் வீடு தேடிப்போய் ‘இது என்ன, அது என்ன’ என்று மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டார். சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது.

நம்முடைய சந்தேகம் அவ்வளவு பெரியதாக இருக்காது. ஒரு பஸ் டிக்கெட் செலவில் தீர்ந்துவிடும்.

மூன்று வருஷம் ஜெராக்ஸ் மெஷினோடு குடும்பம் நடத்தியிருந்தும், அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு ஒழுங்காகத் தெரியாது. பழைய மெக்கானிக் ஒருவரைத் தேடிப்பிடித்தேன். டீ வாங்கிக் கொடுத்து, கழற்றிப்போட்ட ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பழைய மாடல்களில் டிரம் என்கிற உருளை முழுக்க முதலில் மின்னூட்டம் ஏறும். வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் விழுகிற இடத்தில் அது போய்விடும். எழுத்து இருக்கிற இருட்டுப் பகுதியில் மட்டும் மின்னூட்டம் தங்கி, டோனர் பொடி அங்கே ஒட்டும். பொடி காகிதத்துக்கு மாறி, சூடான உருளையில் உருகிப் படியும். தாளைக் கையால் தேய்த்தால் எழுத்து உதிர்கிறது என்றால் சூடு போதவில்லை. நீளவாக்கில் கறுப்புக் கோடு விழுந்தால் டிரம்மைத் துடைக்கிற பிளேடைப் பார்க்க வேண்டும்.

‘பிளேடு தேஞ்சா முதல்ல மெல்லிசா ஒரு கோடு விழும் தம்பி. அப்பவே மாத்திட்டா பிளேடோட போயிடும். அப்படியே ஓட்டுனா டிரம்மையும் கீறி வச்சிரும்’ என்றார்.

எனக்கு டீ இறங்கவில்லை. அந்தக் கோட்டை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்கப் போகும்போது ஒரு விஷயம். ‘கதை எழுதுறேன்’ என்று சொல்லியே கேளுங்கள், யாரும் விரட்டுவதில்லை. தொழில்காரர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காதா என்றுதான் இருக்கிறார்கள். பொதுவாகக் கேட்காமல், ‘இது எப்போ பழுதாகும், பழுதானா முதல்ல என்ன தெரியும்?’ என்று கேளுங்கள். பழுதைப் பற்றிப் பேசும்போதுதான் கதைக்கு வேண்டியது கிடைக்கும்.

படி 5: பொய்யை எடுத்துவிட்டு, நடந்ததை வையுங்கள்

நடந்தது இதுதான். 2016 ஆனி மாதத்திலேயே தாளின் ஓரத்தில் கோடு விழ ஆரம்பித்துவிட்டது. டிரம், பிளேடு எல்லாம் மாற்றி முழு சர்வீஸ் செய்யச் சொல்லி நண்பன் 28,000 ரூபாய் என்னிடம் கொடுத்தான். அந்த மாதம் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் நான் ஒருவன்தான். சபையில் தட்டு வரிசை குறைந்தால் காலத்துக்கும் பேச்சு. பணம் சீருக்குப் போனது. அடுத்த மாதம் புரட்டிப் போட்டுவிடலாம் என்று இருந்தேன். மெஷின் அதுவரை பொறுக்கவில்லை. கல்லூரி சேர்க்கை நேரத்தில், கூட்டம் வாசல்வரை நிற்கும்போது நின்றது.

இதையெல்லாம் மூடிமறைத்துவிட்டு, கூட்டாளி கவனிக்காததால் கடை நொடித்தது என்று கதை எழுதிக்கொண்டிருந்தேன். வாசகனுக்கு அது பொய் என்று தெரிந்திருக்காது. கதைக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதாம் பக்கத்தில் இருவரும் கணக்குப் பார்க்கிற காட்சி வருகிறது. அங்கே ரவி வாயைத் திறந்தால் 28,000 ரூபாயைப் பற்றித்தான் கேட்பான். அவனைப் பேசவிடாமல் கணக்குப் பார்க்க வைப்பது எப்படி? அதனால்தான் பதினோரு மாதம்.

உங்களுக்கும் இப்படி ஒன்று கிடைத்தால் இந்த வரிசையில் செய்து பாருங்கள்.

முதலில், யாருக்கும் காட்டாத ஒரு தாளில் ‘நான் செய்தது’ என்று தலைப்பிட்டு நடந்ததை எழுதுங்கள். காரணம் சொல்லக் கூடாது. ‘ஏனென்றால்’, ‘வேறு வழியில்லாமல்’ ஆகிய வார்த்தைகளுக்கு அனுமதி இல்லை. தொகை, தேதி, யார் பக்கத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். எனக்கு அரைப்பக்கம்கூட வரவில்லை. எழுத இரண்டு ராத்திரி ஆனது. பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாலும் சரி.

அடுத்து, அந்தச் செயலை ஒரு பாத்திரத்திடம் ஒப்படையுங்கள். ‘நான்’ வேண்டாம், ‘அவன்’ போதும். என் கதையில் அவனுக்குச் செல்வம் என்று பெயர் வைத்தேன். ‘நான்’ என்று எழுதினால் ஒன்று நியாயம் பேசத் தொடங்குவோம், இல்லாவிட்டால் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவோம். இரண்டாவது இன்னும் மோசம். தன்னைத்தானே திட்டிக்கொள்வதும் ஒருவகையில் பாராட்டு கேட்பதுதான்.

அதற்கப்புறம் மனநிலையை விளக்கும் வரிகளை வெட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற ஒரு செயலை வையுங்கள். ஏழாம் பக்கத்தின் அந்த இரண்டு வரி கடைசியில் இப்படி மாறியது:

‘தாளின் இடது ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு விழ ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. யாராவது கேட்டால் செல்வம், “ஒரிஜினல்லயே இருக்குங்க” என்றான்.’

குற்ற உணர்ச்சி என்ற சொல்லே இல்லை. இந்த வரி வந்த அன்றைக்கு ஒன்பதாம் பக்கம் தானாகத் திறந்துகொண்டது, நான்கு நாளில் கதை முடிந்தது.

காயம் பச்சையாக இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். கடை மூடிய வருஷமே எழுதியிருந்தால் நான் வெறும் புகார்க் கடிதம்தான் எழுதியிருப்பேன். எவ்வளவு காலம் பொறுப்பது? அந்தச் சம்பவத்தில் உங்களைப் பார்த்துக் கொஞ்சமாவது சிரிக்க முடிகிற வரை. அப்புறம், மற்றவரைப் பற்றிய எச்சரிக்கை: பெயரை மாற்றினால் போதாது. ஊர், குடும்பம், பேச்சில் அடிக்கடி வரும் வார்த்தை, அடையாளம் காட்டிக்கொடுக்கிற எல்லாவற்றையும் மாற்றுங்கள். நம்முடைய தப்பை ஊருக்குச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. அவருடையதைச் சொல்ல இல்லை.

படி 6: சின்ன நேரம், அதே நேரம்

‘மூட் வரலை’ என்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. இட்லிக் கடைக்காரர் என்றைக்காவது மூட் வரவில்லை என்று மாவு ஊற்றாமல் இருந்திருக்கிறாரா?

ஆந்தனி டிரோலோப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். காலை ஐந்தரைக்கெல்லாம் மேஜையில் இருப்பார். காப்பியோடு வந்து எழுப்புவதற்காகவே வேலைக்காரருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு தனியாகக் கொடுத்தார். எதிரே கடிகாரம். கால்மணிக்கு 250 சொல் என்று கணக்கு. இப்படியே 47 நாவல். இதைப் பார்த்து நானும் கால்மணிக்கு இத்தனை என்று கணக்கு வைத்துப் பார்த்தேன், மூன்று நாளில் ரத்த அழுத்தம்தான் ஏறியது. அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணிக்கையை இல்லை, நேரத்தை.

என் நேரம் காலை ஐந்தேகாலிலிருந்து ஆறு வரை. ஆறுக்குக் குழாயில் தண்ணீர் வந்துவிடும், எழுந்துதான் ஆக வேண்டும். இந்தக் கட்டாயம் நல்லது. நடு வாக்கியத்தில் எழுந்து போனால், மறுநாள் உட்கார்ந்ததும் அந்த வாக்கியத்தை முடிப்பதிலிருந்து கை தானாக ஓட ஆரம்பிக்கும். முக்கால்மணி முடியாவிட்டால் இருபது நிமிடம். எழுத வராத நாளிலும் அந்த இருபது நிமிடம் ஃபைலைத் திறந்து, நின்ற இடத்தில் கர்சரை வைத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் பக்கத்துக்குப் போகத் தடை. போனைப் பக்கத்து அறையில் வையுங்கள்.

படி 7: ஒரே ஒரு ஆளிடம் கொடுங்கள்

‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். வீட்டுக்காரர்கள் ‘நல்லா இருக்கு, சாப்பிட வா’ என்பார்கள். நண்பர்கள் பத்துப் பேர் இருக்கும் வாட்ஸாப் குழுவில் போட்டால் எட்டு கைதட்டல் பொம்மையும் இரண்டு மௌனமும் கிடைக்கும். எதுவும் உதவாது.

கதை படிக்கிற பழக்கம் உள்ள, கதை எழுதாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். எழுதுபவரிடம் கொடுத்தால் அவர் அதைத் தன் கதையாக மாற்றித் தருவார். படித்து முடித்ததும், எங்கே போனை எடுத்தீர்கள், எந்த இடத்தில் திரும்ப மேலே போய்ப் படிக்க வேண்டியிருந்தது, யார் சொன்னதை நம்பவில்லை என்று மட்டும் கேளுங்கள். அவர் பேசும்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. ‘அது எதுக்குன்னா...’ என்று விளக்கத் தோன்றும். விளக்க வேண்டியிருந்தால் அது கதையில் இல்லை என்று பொருள்.

படி 8: அனுப்புங்கள், மறந்துவிடுங்கள்

ஒரு நோட்டில் கதையின் பெயர், அனுப்பிய இதழ், தேதி எழுதிவையுங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்ப வேண்டாம். மூன்று மாதம் பதில் இல்லையென்றால் ‘வேறிடத்துக்கு அனுப்புகிறேன்’ என்று மரியாதையாக ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். காத்திருக்கிற காலத்தில் அடுத்த கதையை ஆரம்பித்துவிடுவதுதான் ஒரே மருந்து.

என் கதையை முதல் இதழ் திருப்பியது. இரண்டாவது இதழிலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது இதழின் ஆசிரியர் ஏற்றுக்கொண்டார், ஆனால் கடைசிப் பத்தியை வெட்டிவிட்டார். நான் உயிரைக் கொடுத்து எழுதிய பத்தி அது. ஒரு வாரம் அவரை மனதுக்குள் திட்டினேன். அச்சில் பார்த்தபோது அந்தப் பத்தி இல்லாதது எனக்கே தெரியவில்லை.

சில கதைகளைக் கைவிடவும் வேண்டும். இரண்டு வருஷம் ஆகியும், அந்தப் பாத்திரம் அடுத்து என்ன செய்யும் என்று குளிக்கும்போதுகூட ஒரு தடவை தோன்றவில்லையா? மூடிவைத்துவிடலாம். என்னிடம் அப்படி மூன்று கிடக்கின்றன.

இதழ் வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போனேன். இது எட்டுப் படியிலும் சேராது, யாரும் செய்தாக வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். வாசலிலேயே நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தான். எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

முடித்துவிட்டு, ‘டிரம் போனது ஆடி பதினெட்டுக்கு முன்னாடி. நீ ஆவணின்னு போட்டிருக்க’ என்றான். பக்கத்தைத் திருப்பி மறுபடி சீர் வரிசை வருகிற இடத்துக்குப் போனான்.

‘திருபுவனத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போனப்ப வண்டியை ஓட்டுனது யாருடா? நான்தானே. அதை ஏன் எழுதலை?’